மண்ணுக்குள் இருந்து புகை வந்த ஊர்



இன்றைய பேச்சு ஓர் ஊரைப் பற்றியது. கோட்டை இல்லாத ஊர். ராஜா ஆண்ட ஊர் இல்லை. பெரிய சண்டை எதுவும் அங்கே நடக்கவில்லை. இன்றைக்கு அங்கே போய் எண்ணினால் இருபது பேர்கூடத் தேறமாட்டார்கள். ஆனாலும் அந்த ஊரின் கதையை அரசாங்கமே பாதுகாத்து வைத்திருக்கிறது.

ஊரின் பெயர் நிக்கோடிமஸ். இருப்பது அமெரிக்காவில், கன்சாஸ் மாநிலத்தின் வடமேற்கில், கிரகாம் மாவட்டத்தில்.

அமெரிக்கா என்றதும் வானத்தைத் தொடும் கட்டடங்கள் நினைவுக்கு வரும். பளபளக்கும் கார்கள் நினைவுக்கு வரும். அங்கேயும் பட்டிக்காடு உண்டு. மண் ரோடு உண்டு. கடை இல்லாத ஊர், பள்ளிக்கூடம் மூடிய ஊர் எல்லாம் உண்டு.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் எவ்வளவு சின்னக் கிராமமாக இருந்தாலும் ஏதாவது ஒரு பஞ்சாயத்தில் அது சேர்ந்திருக்கும். அங்கே முறை வேறு. ஓர் ஊர் சட்டப்படி தன்னைப் பதிவு செய்துகொண்டால்தான் அதற்கு மேயர் உண்டு, ஊர் மன்றம் உண்டு. அப்படிப் பதிவு செய்யாத ஊர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. வீடு இருக்கும், கோயில் இருக்கும், சுடுகாடு இருக்கும். ஊருக்கென்று தனி நிர்வாகம் இருக்காது. மாவட்டம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நிக்கோடிமஸ் அப்படிப்பட்ட ஊர்களில் ஒன்று.

இந்த ஊரை யார் உண்டாக்கினார்கள்? அடிமைகளாக இருந்தவர்கள்.

ஆப்பிரிக்காவில் இருந்து மனிதர்களைப் பிடித்துக் கப்பலில் ஏற்றி அமெரிக்காவில் விற்றார்கள். ஆடு மாடு விற்பது போல விற்றார்கள். தாயை ஒருவன் வாங்குவான். பிள்ளையை வேறொருவன் வாங்குவான். பருத்திக் காட்டிலும் புகையிலைக் காட்டிலும் அவர்கள் கூலி இல்லாமல் உழைத்தார்கள். அவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது தென் மாநிலங்கள் பலவற்றில் சட்டப்படி குற்றம். படித்தவன் கேள்வி கேட்பான் என்பது முதலாளிகளுக்குத் தெரிந்திருந்தது.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. போர் முடிந்த 1865ஆம் ஆண்டில் அடிமை முறையைச் சட்டம் ஒழித்தது. சரி, விடுதலை கிடைத்துவிட்டது. அடுத்த வேளைச் சோறு? நிலம் முழுவதும் பழைய முதலாளிகளின் கையில்தான் இருந்தது. விடுதலை பெற்றவர்கள் அதே நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்தார்கள். விதைக்கும் கருவிக்கும் கடன் வாங்கினார்கள். அறுவடை முடிந்ததும் கணக்குப் பார்ப்பார்கள். கணக்கை எழுதியவன் முதலாளி. படிக்கத் தெரியாதவன் அந்தக் கணக்கில் என்ன கண்டான்? ஒவ்வோர் ஆண்டும் கடன்தான் மிஞ்சியது. எதிர்த்துப் பேசியவர்களை இரவில் முகமூடி போட்ட கும்பல்கள் வந்து அடித்தன, கொன்றன.

இந்த நேரத்தில்தான் கன்சாஸ் என்ற பெயர் அவர்கள் காதில் விழுந்தது.

1862இல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் போட்டிருந்தது. அரசு நிலத்தில் ஒரு குடும்பத் தலைவர் 160 ஏக்கர் எடுத்துக்கொள்ளலாம். சிறிய கட்டணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். ஐந்து ஆண்டுகள் அங்கேயே குடியிருந்து பயிர் செய்ய வேண்டும். பிறகு நிலம் அவருக்கே சொந்தம். ஆண் பெண், வெள்ளை கறுப்பு என்ற பேதம் அந்தச் சட்டத்தில் இல்லை. (அந்த நிலம் அரசுக்கு எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பழங்குடி மக்களைத் துரத்திவிட்டு எடுத்த நிலம் அது.)

1877ஆம் ஆண்டு ஏழு பேர் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். புது ஊர் ஒன்றை அமைப்பதுதான் அந்தக் கம்பெனியின் வேலை. ஏழு பேரில் ஆறு பேர் கறுப்பினத்தவர். ஒருவர் வெள்ளைக்காரர், பெயர் ஹில். நிலத்தை விற்று லாபம் பார்ப்பது அவருடைய தொழில். கம்பெனியின் செயலாளர் சைமன் ரவுண்ட்ரீ என்ற பாதிரியார். அவர் அடிமையாக இருந்தபோது முதலாளியின் மகனிடம் எழுத்துக் கற்றுக்கொண்டாராம். அதற்குத் தண்டனையாக அவர் கன்னத்தில் சூடு போட்டார்கள் என்று சொல்லி வருகிறார்கள். படித்ததற்குக் கிடைத்த அந்தத் தழும்போடுதான் அவர் கன்சாஸுக்கு வந்தார்.

கம்பெனி நோட்டீஸ் அச்சடித்தது. கென்டக்கி மாநிலத்தில் கறுப்பின மக்களின் தேவாலயங்களில் பேசினார்கள். நல்ல மண், நல்ல தண்ணீர், உங்களுக்கென்று ஓர் ஊர் என்றார்கள். லெக்சிங்டன் நகரத்தில் ஒட்டிய ஒரு நோட்டீஸ் இன்னும் இருக்கிறது. 1877 செப்டம்பர் 5ஆம் தேதி கன்சாஸுக்குப் புறப்பட விரும்புகிறவர்கள் 5 டாலர் கொடுத்தால் போதும் என்கிறது அது. நோட்டீஸைத் தானே படிக்கத் தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் குறைவு. ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். நோட்டீஸில் சொல்லாமல் விட்டது என்ன என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் ரயில் ஏறினார்கள். எல்லிஸ் என்ற நிலையத்தில் இறங்கினார்கள். அங்கிருந்து ஊருக்கு சுமார் 55 கிலோமீட்டர். பெரும்பாலோர் நடந்தார்கள். கைக்குழந்தையோடு நடந்தார்கள். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தியும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். எம்மா வில்லியம்ஸ் என்பது அவள் பெயர். புது ஊரில் பிறந்த முதல் குழந்தை அவளுடையதுதான்.

வந்து பார்த்தால் ஊரே இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல். மரம் கிடையாது. மரம் இல்லாமல் வீடு எப்படிக் கட்டுவது? முன்னால் வந்த சிலர் மண்ணைத் தோண்டி, மேட்டைக் குடைந்து, குழிக்குள் குடியிருந்தார்கள். மேலே கிளையும் புல்லும் மண்ணும் போட்டுக் கூரை. ஒரு சின்னப் புகைபோக்கி. அவ்வளவுதான் வீடு.

அடுத்த ஆண்டு வசந்த காலத்தில் இன்னொரு கூட்டம் வந்தது. அதில் வில்லியானா ஹிக்மன் என்ற பெண் இருந்தாள். அவளுடைய கணவர் பாதிரியார். வரும் வழியில் எல்லிஸில் குழந்தைகளுக்குத் தட்டம்மை கண்டது. சில குழந்தைகள் இறந்துபோயின. அங்கேயே புதைத்துவிட்டு மறுபடி நடந்தார்கள். ஊர் வந்துவிட்டது என்று ஆண்கள் சத்தம் போட்டார்கள். அவள் எட்டி எட்டிப் பார்த்தாள். எங்கே ஊர் என்று கேட்டாள். கணவர் தரையில் இருந்து எழும்பிய புகையைக் காட்டினார். மனிதர்கள் மண்ணுக்குள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பல ஆண்டுகள் கழித்து அவளே இதைச் சொன்னாள். அதை எழுதி வைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது.

கோபம் கொண்டவர்கள் ஹில்லைத் தூக்கில் போடத் தேடினார்கள் என்றும், அவர் ஓடி ஒளிந்துகொண்டார் என்றும் ஒரு கதை உண்டு. நடந்திருந்தால் ஆச்சரியம் இல்லை. பல குடும்பங்கள் வந்த வேகத்திலேயே திரும்பிப் போய்விட்டன. அவர்களைக் குறை சொல்ல முடியாது. பனி கொட்டும் நாட்டில், குளிர்காலம் தொடங்கும் நேரத்தில், கையில் தானியம் இல்லாமல் குழிக்குள் எப்படி இருப்பது?

இருந்தவர்களும் உண்டு. பணம் இல்லாததால் இருந்தவர்கள் சிலர். பழைய முதலாளியின் வாசலுக்குத் திரும்ப மனம் இல்லாமல் இருந்தவர்கள் பலர்.

முதல் குளிர்காலத்தைக் கடத்தியதே பெரிய காரியம். விறகு இல்லை. அங்கே முன்பு காட்டெருமைகள் லட்சக்கணக்கில் மேய்ந்த நிலம். அவற்றின் காய்ந்த சாணத்தைப் பொறுக்கி எரித்தார்கள். நம் ஊரில் வறட்டி தட்டும் தாய்மார்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. சூரியகாந்தித் தட்டையும் எரித்தார்கள். வேட்டைக்காரர்கள் சுட்டுத் தள்ளிய காட்டெருமைகளின் எலும்புகள் புல்வெளி எங்கும் கிடந்தன. அவற்றைப் பொறுக்கி உரத்துக்கு விற்றார்கள். ஆண்கள் நெடுந்தூரம் நடந்துபோய் ரயில் பாதையில் கூலி வேலை செய்தார்கள். பெண்கள் நகரத்து வீடுகளில் துணி துவைத்தார்கள். வேட்டை முடிந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடி மக்கள் தங்கள் இறைச்சியில் பங்கு கொடுத்தார்கள் என்று ஊரார் இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள். நிலத்தை இழந்தவர்கள், அந்த நிலத்துக்கு வந்தவர்களுக்குச் சோறு போட்டார்கள்.

வேறு ஊர்களுக்கு ஆள் அனுப்பி உணவும் விதையும் நன்கொடையாகக் கேட்டார்கள். வந்ததைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். ஆனால் 1879இல், இனிமேல் யாரிடமும் கையேந்துவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். அவசர முடிவு என்றுகூடச் சொல்லலாம். அப்போது ஊரில் குதிரைகளே மிகக் குறைவு. ஏர் பூட்ட வழி இல்லாதவர்கள் மண்வெட்டியாலும் களைக்கொட்டாலும் அந்தக் கெட்டிப் புல்தரையைக் கொத்தினார்கள். கையால் கொத்தினால் எத்தனை ஏக்கர் கொத்தலாம் என்று உங்களுக்கே தெரியும்.

இவ்வளவு கஷ்டத்திலும் ஒன்றை அவர்கள் தள்ளிப்போடவில்லை. ஸகரி ஃபிளெட்சர், ஜென்னி ஃபிளெட்சர் என்ற தம்பதி முதலிலேயே வந்தவர்கள். ஜென்னி தன் குழி வீட்டிலேயே பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடம் சொன்னாள். கிரகாம் மாவட்டத்தில் பள்ளி வட்டங்களுக்கு எண் போட்டபோது ஒன்றாம் எண் நிக்கோடிமஸுக்குத்தான் கிடைத்தது. வெள்ளைக்காரர்களின் ஊர்களுக்கு அடுத்தடுத்த எண்கள். ஸகரி அந்த ஊரின் தபால் நிலைய அதிகாரி ஆனார். 1880இல் ஒரு ஹோட்டலும் குதிரைக் கொட்டகையும் வைத்தார்.

மழை பெய்த ஆண்டுகளில் கோதுமையும் சோளமும் விளைந்தன. மண் வீடு போய்ச் சுண்ணாம்புக் கல் வீடு வந்தது. 1880களின் நடுவில் பார்த்தால் அங்கே கடைகள் இருந்தன, தேவாலயங்கள் இருந்தன, வங்கி இருந்தது. பந்து விளையாடும் குழு இருந்தது. 1886இலும் 1887இலுமாக இரண்டு செய்தித்தாள்கள் தொடங்கின. இருபது ஆண்டுகளுக்கு முன் எழுத்தைத் தொட்டால் தண்டனை பெற்ற மக்களின் ஊரில் இரண்டு செய்தித்தாள்கள்! வெள்ளைக்காரர்கள் சிலரும் வந்து கடை வைத்தார்கள். இரு நிறத்தாரும் ஒரே தெருவில் வியாபாரம் செய்தார்கள்.

எட்வர்ட் மெக்கேப் என்ற படித்த இளைஞர் 1878இல் இந்த ஊருக்கு வந்தார். நிலப் பத்திரங்கள் எழுதிக் கொடுத்தார். 1880இல் மாவட்ட எழுத்தராக ஆளுநர் அவரை நியமித்தார். 1882இல் தேர்தலில் நின்று கன்சாஸ் மாநிலத்தின் தணிக்கை அதிகாரியானார். மாநிலத்தின் கணக்கு வழக்கை எல்லாம் சரிபார்க்கும் பதவி அது. முதலாளியின் கணக்குப் புத்தகத்தால் ஏமாந்த மக்களில் ஒருவர் ஒரு மாநிலத்தின் கணக்கையே பார்த்தார். பிறகு அவர் நிக்கோடிமஸுக்குத் திரும்பவில்லை. ஓக்லஹோமா பக்கம் போய் லாங்ஸ்டன் என்ற வேறொரு ஊரை உண்டாக்கினார்.

இனி ரயில் கதைக்கு வருவோம். ஊரின் தலையெழுத்தை மாற்றியது அதுதான்.

அந்தக் காலத்தில் ரயில் வந்த ஊர் பிழைத்தது. வராத ஊர் தேய்ந்தது. விளைந்த கோதுமையை மாட்டு வண்டியில் இரண்டு நாள் கொண்டுபோனால் லாபம் எங்கே மிஞ்சும்? ரயில் கம்பெனிகளுக்கும் இது தெரியும். பாதை வேண்டுமா, பணம் தா என்று ஊர்களிடம் கேட்டார்கள். ஓர் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் ஏலப் போட்டி போலவே நடந்தது. 1887இல் நிக்கோடிமஸ் வட்டார மக்கள் வாக்கெடுப்பு நடத்தினார்கள். மிசௌரி பசிபிக் கம்பெனிக்கு 16,000 டாலர் கடன் பத்திரம் தர ஒப்புக்கொண்டார்கள். மண்வெட்டியால் நிலம் கொத்தியவர்களுக்கு 16,000 டாலர் என்பது எவ்வளவு பெரிய தொகை! ரயில் வருகிறது, வருகிறது என்று செய்தித்தாள்கள் எழுதின. மனை விலை ஏறியது. கடன் வாங்கிக் கடை கட்டினார்கள்.

அந்த ரயில் வரவே இல்லை. 1888இல் வேறொரு கம்பெனி, யூனியன் பசிபிக், பாதை போட்டது. ஆற்றுக்குத் தென்கரையில் போட்டது. நிக்கோடிமஸ் வடகரையில் இருக்கிறது. ஐந்தாறு மைல் தள்ளி ரயில்காரர்களின் முகாம் ஒன்று முளைத்தது. அது போக் என்ற ஊர் ஆனது.

வியாபாரிகள் எவ்வளவு நாள் காத்திருப்பார்கள்? ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சாமான்களை மட்டும் அல்ல, சிலர் கடைக் கட்டடத்தையே பெயர்த்து உருட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் போனார்கள். செய்தித்தாள்கள் நின்றன. ஆறு அதே இடத்தில் ஓடியது. மண்ணும் அதே மண்தான். மனிதர்களும் சோம்பேறிகள் ஆகிவிடவில்லை. எங்கோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபடத்தில் யாரோ ஒரு கோடு போட்டார்கள். அது சில மைல் தள்ளி விழுந்தது.

கடைக்காரர்கள் போனார்கள். விவசாயிகள் போகவில்லை. ஏனென்றால் நிலம் அவர்கள் பெயரில் இருந்தது. பட்டா கையில் இருப்பவனை அவ்வளவு எளிதில் கிளப்ப முடியாது. அதற்குப் பிறகும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த மக்கள் அங்கே பயிர் செய்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, ஞாயிறு தோறும் தேவாலயத்தில் கூடி வாழ்ந்தார்கள். 1907இல் பாப்டிஸ்ட் தேவாலயத்தைக் கல்லில் கட்டினார்கள். 1918இல் புதுப் பள்ளிக் கட்டடம் எழுந்தது.

பிறகு 1930கள் வந்தன. விலை வீழ்ச்சி ஒரு பக்கம், வறட்சி ஒரு பக்கம். புல்லை உழுது எடுத்துவிட்டதால் மண்ணைப் பிடித்துக்கொள்ள வேர் இல்லை. காற்று மண்ணைச் சுருட்டிக்கொண்டு பகலை இருட்டாக்கியது. பலர் நிலத்தை விட்டுவிட்டு நகரங்களுக்குப் போனார்கள். அப்போது அரசு கொண்டுவந்த வேலைவாய்ப்புத் திட்டத்தில் 1939இல் ஊருக்கு ஒரு பொது மண்டபம் கட்டினார்கள். உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல், உள்ளூர் ஆட்களின் உழைப்பு. ஊர் காலியாகிக்கொண்டிருந்த நேரத்தில் மண்டபம் எதற்கு என்று அப்போது சிலருக்குத் தோன்றியிருக்கலாம். இன்று ஊரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் நுழைவது அந்த மண்டபத்தில்தான்.

1950இல் ஊரில் மிஞ்சியவர்கள் 16 பேர். 1953இல் தபால் நிலையத்தை மூடினார்கள். 1960இல் பள்ளிக்கூடத்தையும் மூடினார்கள். மாவட்டத்தின் ஒன்றாம் எண் பள்ளி அது.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். இதே போல உண்டாகி, தேய்ந்து, உழவுக் காடாக மாறிப்போன ஊர்கள் அந்தப் புல்வெளியில் நிறைய. போருக்குப் பிறகு கறுப்பின மக்கள் மேற்கே வந்து உண்டாக்கிய வேறு ஊர்களும் உண்டு. அவை பெரும்பாலும் மறைந்துவிட்டன. நிக்கோடிமஸ் மட்டும் இன்னும் இருக்கிறது. ஏன் என்று பார்த்தால் இரண்டு காரணங்கள் தெரிகின்றன.

ஒன்று, எழுதி வைத்தார்கள். லூலா கிரெய்க் என்பவர் சின்ன வயதில் பெற்றோரோடு அங்கே வந்து, அதே ஊரில் ஆசிரியை ஆனவர். முதலில் வந்தவர்களின் அனுபவங்களைக் கேட்டுக் கேட்டுத் தன் கையால் எழுதினார். அவர் எழுதியவை இன்று கன்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. குழியில் இருந்தவர்கள், எலும்பு பொறுக்கியவர்கள், சாணம் எரித்தவர்கள் எல்லோருக்கும் அந்தத் தாள்களில் பெயர் இருக்கிறது.

இன்னொன்று, திருவிழா. ஆகஸ்டு 1, 1834 அன்று மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்தது. அந்த நாளை ஒட்டி நிக்கோடிமஸ் மக்கள் தொடக்க காலத்தில் இருந்தே விடுதலை விழா கொண்டாடினார்கள். நம் ஊர்த் திருவிழாவுக்கு வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் எப்படி வந்து சேருகிறார்களோ, அதே போல ஊரை விட்டுப் போனவர்கள் அந்த விழாவுக்கு வந்தார்கள். பிள்ளைகளைக் கூட்டி வந்தார்கள். பேரப் பிள்ளைகளுக்குப் பாட்டனின் நிலத்தைக் காட்டினார்கள்.

அந்த வம்சத்தில் வந்தவர்கள்தான் சங்கம் அமைத்து, அரசுக்கு எழுதி, ஊரைக் காக்கப் பாடுபட்டார்கள். 1976இல் அமெரிக்க அரசு அதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. 1996 நவம்பரில் தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் சேர்த்தது. மண்டபம், இரண்டு தேவாலயங்கள், பள்ளிக்கூடம், ஃபிளெட்சரின் ஹோட்டல் ஆகிய ஐந்து கட்டடங்களும் வரலாற்றுக் கட்டடங்கள் ஆயின. சொந்த நகராட்சிகூட இல்லாத ஊருக்கு நாட்டின் அரசே காவல்.

ஊரின் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அது பைபிளில் வரும் பெயர். ஆனால் ஊர்க்காரர்கள் சிலர் வேறு விளக்கம் சொல்வார்கள். ஹென்றி கிளே வொர்க் 1864இல் எழுதிய பாட்டு ஒன்றில் நிக்கோடிமஸ் என்ற முதிய அடிமை வருகிறார். அவர் பெயர்தான் இது என்பார்கள். எது சரி என்று ஊரிலேயே வழக்குத் தீரவில்லை.

இப்போதும் ஆண்டுதோறும் ஜூலை மாதக் கடைசியில் அவர்கள் கூடுகிறார்கள். பல மாநிலங்களில் இருந்து நூற்றுக்கணக்கானவர்கள் வருகிறார்கள். ஊர்வலம் போகிறார்கள். சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிறார்கள். தேவாலயத்தில் பாடுகிறார்கள். கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பெயர்களைப் படித்துக் காட்டுகிறார்கள். விழா முடிந்ததும் கார்கள் கிளம்பிவிடும். சில குடும்பங்கள் மட்டும் அங்கே இருந்து சுற்றியுள்ள கோதுமைக் காட்டைப் பார்த்துக்கொள்கின்றன.